செடியைத் தொடாமல் தாவரவியலா? பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

முதலாண்டுத் தாவரவியல் அறிமுகப் பாடத்துக்கு இனிச் செய்முறை வகுப்பு கிடையாது என்ற உங்கள் சுற்றறிக்கை எங்கள் துறைக்கு வந்து 11 நாள் ஆகிறது. வாரத்துக்கு 6 மணி நேரமாக இருந்த ஆய்வக வேலையை எடுத்துவிட்டு, 1 மணி நேரக் காணொளி விளக்கத்தை வைத்திருக்கிறீர்கள். களப்பயணம் இல்லை. மாணவர்கள் செடி சேகரித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி ஒப்படைக்கும் வழக்கமும் இல்லை. உலர்தாவரத் தொகுப்பு இருக்கும் அறையைத் தேர்வு அறையாக மாற்றிக்கொள்ளலாம் என்று கடைசிப் பத்தியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்.

26 ஆண்டுகளாக இந்த அறிமுகப் பாடத்தை நடத்திவருகிறேன். சுற்றறிக்கைக்குத் துறை வழியாகப் பதில் அனுப்பினோம்; ‘முடிவு எடுக்கப்பட்டுவிட்டது’ என்ற ஒற்றை வரிதான் திரும்பி வந்தது. ஆகவே பொதுவில் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் முதல் காரணம், செய்முறையில் பார்ப்பதையெல்லாம் படத்திலேயே பார்த்துவிடலாம் என்பது. இதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தற்செயலாக ஒரு வாய்ப்பு அமைந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வகக் கட்டடத்தில் பழுதுபார்ப்பு வேலை நடந்தபோது, அடுத்தடுத்து 2 அணி மாணவர்கள் முதலாண்டு முழுவதையும் காணொளியிலேயே படித்தார்கள். நல்ல காணொளிகள்; நானே தேர்ந்தெடுத்தவை. எழுத்துத் தேர்வில் அந்த 2 அணிகளும் மற்ற அணிகளைவிடக் குறைவாக வாங்கவில்லை. அந்த மதிப்பெண்கள் உங்களிடமும் இருக்கும். ஒருவேளை அவற்றை வைத்துத்தான் இந்த முடிவுக்கு வந்திருக்கிறீர்களோ என்றுகூட நினைக்கிறேன்.

அதே மாணவர்கள் மூன்றாம் ஆண்டுக்கு வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். வகைப்பாட்டியல் வகுப்பின் முதல் நாள், மேசைமேல் 2 செடிகளை வைத்தேன். ஒன்று வேம்பின் கிளை நுனி. இன்னொன்று சுவரோரத்தில் தானாக முளைத்த கீழாநெல்லி. “இதில் ஓர் இலையைக் கிள்ளிக் காட்டுங்கள்” என்று மட்டும் கேட்டேன். 31 பேரில் 27 பேர் வேம்பின் சிற்றிலை ஒன்றைக் கிள்ளி, இதுதான் இலை என்று நீட்டினார்கள். கீழாநெல்லியிலோ, இரண்டு பக்கமும் சின்னச் சின்னதாக அடுக்கியிருந்த மொத்தக் காம்பையும் பறித்து, இது கூட்டிலை என்றார்கள். இரண்டுமே தலைகீழ்.

கூட்டிலைக்கு இலக்கணம் எழுதச் சொன்னால் அத்தனை பேரும் பிழையில்லாமல் எழுதுவார்கள். ஆனால் இலக்கணத்தைச் செடியில் எங்கே தேடுவது என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. இலை தண்டோடு சேரும் கோணத்தில் ஒரு மொட்டு இருக்கும். வேம்பில் அது நீண்ட காம்பின் அடியில் இருக்கிறது. ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஆகவே அந்த நீண்ட காம்பும் அதிலுள்ள சிற்றிலைகளும் சேர்ந்துதான் ஓர் இலை. கீழாநெல்லியை அப்படியே கவிழ்த்துப் பிடித்து லென்ஸ் வைத்தால், ‘சிற்றிலை’ என்று நினைத்த ஒவ்வொன்றின் அடியிலும் கடுகளவுகூட இல்லாத ஒரு பூ, அல்லது உருண்டைப் பச்சைக் காய் தொங்கும். இப்படிப் பக்கவாட்டில் வரும் பூ இலைக்கோணத்தில்தான் வரும். ஆகவே அந்தச் சின்னது ஒவ்வொன்றும் தனித்தனி இலை. காம்பு என்று நினைத்தது கிளை. கைக்கு ஒரு லென்ஸ் கொடுத்தால் 3 நிமிட வேலை. ஓராண்டு முழுக்கக் காணொளி பார்த்தும் அந்த 3 நிமிடம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. காணொளியில் அந்தக் கிளையைக் கவிழ்க்க அவர்கள் கை அங்கே இல்லையே.

இலை எது, கிளை எது என்று தெரியாதவருக்கு எந்தத் தாவர நூலின் அடையாளக் குறிப்பும் பயன்படாது. முதல் கேள்வியிலேயே தப்பான பாதையில் திரும்பிவிடுவார். கீழாநெல்லியின் பேரினத்திலேயே பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும் பல சிற்றினங்கள் உண்டு. மருந்துக்கு வேண்டியது அவற்றில் ஒன்று என்றால், அதைப் பிரித்தெடுக்கப்போவது இந்த மாணவர்கள்தான்.

இது மிகைப்படுத்தல் இல்லை என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. மலேரியாவுக்கு மருந்து தேடிய சீன ஆய்வாளர் து யூயூவின் குழு பழைய சீன மருத்துவ நூல்களைப் புரட்டியபோது, அவற்றில் இருந்த ஒரே பெயருக்கு ஆர்டிமிசியா பேரினத்தின் பல செடிகள் பொருந்தின. எல்லாம் ஒன்றுபோல் இருக்கும் செடிகள். ஆர்டிமிசியா அன்னுவா என்ற சிற்றினத்தில்தான், அதிலும் அதன் இலையில்தான், பயன்தரும் அளவுக்கு மருந்துப் பொருள் இருக்கிறது என்று பிரித்துக் கண்ட பிறகே வேலை முன்னே நகர்ந்தது. 1971-ல் அவர்கள் ஈதரைக் கொண்டு, அதிகச் சூடில்லாமல் வடித்தெடுத்த சாறு பலன் தந்தது. ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்து பிறந்த கதை இது. 2015-ல் து யூயூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. எந்தச் செடி, எந்த உறுப்பு என்ற கேள்விகளை மாணவருக்கு அறிமுகப் பாடத்தின் செய்முறை வகுப்புதான் முதன்முதலில் கற்றுத் தருகிறது.

உங்கள் இரண்டாவது காரணம், ‘மாணவர்களுக்குத் தாவரவியலில் ஆர்வமில்லை’ என்பது. ஆர்வம் குறைந்திருப்பது உண்மைதான், மறுக்கவில்லை. சேர்ந்த முதல் நாள் “வேறு பாடம் கிடைக்கவில்லை, அதனால் வந்தேன்” என்று சொல்பவர்களே என் வகுப்பில் பாதிக்கு மேல். ஆனால் அவர்களுடைய மனம் எங்கே மாறியது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூடக் கரும்பலகை முன்னால் மாறியதில்லை.

எருக்கம்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையோரம் யாரும் திரும்பிப் பார்க்காத பூ. அதன் நடுவில் ஐந்து மூலைகளோடு கிரீடம்போல ஒரு மேடை இருக்கும். மகரந்தத்தாளும் சூல்முடியும் ஒட்டி ஒன்றாகிவிட்ட அமைப்பு அது. மற்றப் பூக்களில்போல மஞ்சள் தூள் எங்கேயும் உதிராது. அப்படியானால் மகரந்தம் எங்கே? மேடையின் மூலைகளில் கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு கரும்புள்ளி தெரியும். மெல்லிய குண்டூசியின் நுனியை அந்தப் புள்ளிக்குக் கீழே உள்ள பிளவில் விட்டு, மேல்நோக்கி மெதுவாக இழுத்தால், புள்ளியோடு சேர்ந்து மஞ்சள் நிறத்தில் இரண்டு சிறு பைகள் வெளியே வரும், ஒரே காம்பில் தொங்கும் இரட்டைக் காய்போல. மகரந்தம் முழுவதும் அந்தப் பைகளுக்குள் கட்டிவைத்த மூட்டை. எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது என்பதால், கையுறை போட்டு, முடித்ததும் கை கழுவச் செய்த பிறகே அடுத்த வேலைக்கு விடுவேன்.

ஒரு முறை, ஆண்டு முழுவதும் வாயே திறக்காத மாணவி ஒருத்தி, நாலைந்து பூவைக் கிழித்துப் பாழாக்கிய பிறகு அதை வெளியே எடுத்தாள். “சார், வந்திருச்சு!” என்று அவள் போட்ட சத்தத்தில் வகுப்பே எழுந்து வந்தது. அப்போதுதான் கேட்டேன்: “நீ குண்டூசியில் செய்ததை வெளியே யார் செய்வது?” பதில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஒரு வாரம், மதில் ஓரத்து எருக்குப் பக்கத்தில் குறிப்பேட்டோடு நின்றாள். எறும்பு வருகிறது, சின்ன ஈ வருகிறது, தேனைக் குடித்துவிட்டு வெறுங்காலோடு போகிறது. கருத்த பெரிய தச்சன் வண்டு உட்காரும்போது மட்டும் அதன் கால் அந்தப் பிளவில் நழுவி, இழுக்கும்போது பைகள் காலோடு வருகின்றன. இவ்வளவையும் அவளே பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். நான் சொல்லிக் கொடுத்திருந்தால் 2 மதிப்பெண் விடையாகப் போயிருக்கும்.

நுண்ணோக்கி வகுப்பும் அப்படித்தான். ரியோ செடியின் இலை மேலே பச்சை, கீழே ஊதா. கீழ்ப்பக்கத் தோலை நகத்தால் கிள்ளி உரித்து, ஒரு சொட்டு நீரில் வைத்துப் பார்த்தால், ஊதாச் செல்கள் பாய் விரித்தாற்போல் கிடக்க, நடுநடுவே பச்சையாக இரட்டைக் காப்புச் செல்கள். அவற்றின் இடையே, இலைக்குள் காற்று சென்றுவரும் இலைத்துளை. இதுவரை படத்திலும் பார்க்கலாம் என்பீர்கள். கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு உப்பு நீரை விட்டு, எதிர்ப்பக்கம் வடிதாளை வைத்து உறிஞ்சச் செய்யுங்கள். ஊதா நிறம் செல்சுவரை விட்டு விலகி, உள்ளுக்குள் சுருண்டு ஒடுங்குவது கண்முன்னே நடக்கும். “செத்துப்போச்சா?” என்று ஆண்டுதோறும் யாராவது பதறுவார்கள். உடனே நல்ல நீரை விட்டால் ஊதா மறுபடி பரவிச் சுவரைத் தொடும். ஏதோ ஓர் ‘அமைப்பு’ என்று அதுவரை படித்துவந்த செல்லை உயிருள்ளதாக அந்த மாணவர் பார்க்கும் நிமிடம் அது. அதையும் எடுத்துவிட்டு ஆர்வத்தை எங்கிருந்து வரவழைப்பீர்கள்?

இன்னொரு கேள்வியையும் நான் ஆண்டுதோறும் முதல் வாரத்தில் கேட்பதுண்டு. பெரிய மரத்துண்டு ஒன்றை மேசையில் வைத்து, “இந்த எடை எங்கிருந்து வந்தது?” என்பேன். ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைத் தூக்கத்திலும் ஒப்பிப்பவர்கள்தான். ஆனாலும் பெரும்பாலோர் சொல்லும் பதில், மண். கி.பி. 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் இதைச் சோதித்தார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோக் கன்றை நட்டு, நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். 5 ஆண்டு கழித்து மரம் 169 பவுண்டும் 3 அவுன்ஸும் இருந்தது. மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ். எல்லாமே நீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார், அதுவும் தப்பு. உலர்ந்த எடையில் பெரும்பங்கு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடிலிருந்து வருகிறது. செடி காற்றைச் சுத்தமாக்குவதற்கு வெளிச்சம் வேண்டும், அதுவும் பச்சைப் பகுதிகளால்தான் முடியும் என்று 1779-ல் இங்கன்ஹவுஸ் காட்டினார். மனிதகுலம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தவறித் தவறிக் கண்டுகொண்ட ஒன்றை, மாணவரும் ஒருமுறையாவது தவறிப் பார்க்க வேண்டும். நீரில் மூழ்கிய பாசித் தண்டு விளக்கொளியில் குமிழி விடுவதையும், விளக்கைத் தள்ளிவைத்தால் குமிழி குறைவதையும் எண்ணிப் பார்த்த மாணவர், அடுத்த முறை மண் என்று சொல்வதில்லை. எண்ணாத அந்த 2 அணிகளில் பலர் மூன்றாம் ஆண்டிலும் மண் என்றார்கள்.

மூன்றாவதாக, தாவரமும் விலங்கும் சேர்ந்த பொது உயிரியல் போதும், தனியாகத் தாவரத்துக்கு இவ்வளவு இடம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி என்னை மிகவும் வருத்தியது. உயிரியலின் அடிப்படை என்று நீங்கள் வைத்துக்கொண்டிருக்கும் பகுதிகளையே பாருங்கள். ‘செல்’ என்ற சொல்லை ராபர்ட் ஹூக் 1665-ல் தக்கைச் சீவலைப் பார்த்துத்தான் வைத்தார். செல்லின் உட்கருவுக்குப் பெயரிட்ட ராபர்ட் பிரவுன் அதை 1831-ல் ஆர்க்கிட் செல்களில் விவரித்தார். மரபியல் பட்டாணிச் செடியிலிருந்து வந்தது. மெண்டலின் கட்டுரை 1866-ல் அச்சானது. வைரஸ் என்ற ஒன்று உண்டு என்பதே புகையிலை இலையின் தேமல் நோயைத் துருவியபோதுதான் தெரியவந்தது: 1892-ல் இவனோவ்ஸ்கி, 1898-ல் பெய்ஜெரிங்க். இடம்விட்டு இடம் தாவும் மரபணுக்களை பார்பரா மெக்கிளின்டாக் மக்காச்சோள மணிகளின் நிறத்தில் கண்டார். 1983-ல் நோபல் வந்தது. தாவரத்தை ஓர் ஓரமாக ஒதுக்கினால் அந்தப் பொது உயிரியலின் வேரையே ஒதுக்கியதாகும்.

பூமியிலுள்ள உயிர்ப்பொருளை அதிலிருக்கும் கார்பனின் எடையால் கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2018-ல் வந்தது. மொத்தம் சுமார் 550 கிகா டன் (1 கிகா டன் என்பது 100 கோடி டன்). அதில் தாவரங்கள் மட்டும் சுமார் 450. ஐந்தில் நான்கு பங்கு. உங்கள் புதிய பொதுப் பாடத்தில் 5 அலகுகளில் ஒன்றுதான் தாவரத்துக்கு. கண்ணெதிரே செடி இருந்தும் அது கண்ணில் படாமல் போகும் பழக்கத்துக்கு, ‘தாவரக் குருடு’ என்ற பொருளில் 1990-களின் இறுதியில் வாண்டர்சீயும் ஷஸ்லரும் ஒரு பெயர் வைத்தார்கள். காட்டுப் படத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டால் “மான்” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது அது. அதைப் போக்குவதற்கென்று இருக்கும் பாடத்தையே நீங்கள் சுருக்கியிருக்கிறீர்கள்.

செடியின் நோயைப் பார்க்கத் தெரிந்தவர்கள் போதுமான அளவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1845-ல் அயர்லாந்தில் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் சாட்சி. இலையில் கரும்புள்ளி விழுந்து, கிழங்கு அழுகி, சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். ஈரத்தால் அழுகுகிறது, அழுகியபின் பூஞ்சை வருகிறது என்பதுதான் அன்றைய அறிஞர்கள் பலரின் எண்ணம். இல்லை, பூஞ்சைதான் நோயைக் கொண்டுவருகிறது என்று 1846-ல் பெர்க்லி சொன்னார், நம்பியவர்கள் கொஞ்சம். டி பாரி சோதனை செய்து அதை நிறுவியபோது 1860-களே பிறந்துவிட்டன. அந்த இருவரும் செய்ததும் நான் மேலே சொன்ன வேலையைத்தான். இலையை எடுத்தார்கள், நுண்ணோக்கியில் வைத்தார்கள், பொறுமையாகப் பார்த்தார்கள்.

நான்காவது, செயலி. இலையைப் படம் பிடித்தால் கைப்பேசியே பெயர் சொல்லிவிடும்போது அடையாளம் காண ஏன் பயிற்சி என்று உங்கள் உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் கேட்டதாக அறிந்தேன். அந்தச் செயலிகளை நானும் பயன்படுத்துகிறேன். மாணவர்களுக்கும் சொல்லித் தருகிறேன். நல்ல துணை. ஆனால் படத்தில் இல்லாததை அது பார்க்காது. சூலகத்தைக் குறுக்காக வெட்டி உள்ளே எத்தனை அறை, சூல்கள் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று எண்ணாது. இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்காது. காம்பை ஒடித்தால் பால் வருகிறதா என்று பார்க்காது. குடும்பத்தையே தீர்மானிக்கும் அடையாளங்கள் பலவும் அங்கேதான் இருக்கின்றன. அதுமட்டுமல்ல, அந்தச் செயலி கற்றுக்கொண்ட படங்களுக்கெல்லாம் யாரோ ஒருவர் செடியைப் பார்த்துப் பெயர் உறுதி செய்திருக்கிறார். அந்த ஒருவர் இனி எங்கிருந்து வருவார்?

தமிழில் படிக்கும் மாணவர்களுக்கு இதில் கூடுதலாக ஓர் உரிமை உண்டு. ‘புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப’ என்கிறது தொல்காப்பிய மரபியல். காழ், அதாவது தண்டின் கெட்டிப் பகுதியான வைரம், வெளிப்பக்கம் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். பனையும் தென்னையும் எவ்வளவு உயர்ந்தாலும் இந்தக் கணக்கில் புல் இனம். பனை குடும்பத்துத் தண்டை வெட்டிப் பார்த்தவர் எழுதிய வரி அது. வெட்டிப் பார்க்காமல் எழுத முடியாது. இன்றைக்கும் பனை, புல் போன்ற ஒருவித்திலைத் தண்டையும் இருவித்திலைத் தண்டையும் குறுக்கே சீவி, சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் ஏற்றி வைத்தால், ஒன்றில் நீரையும் உணவையும் கடத்தும் வாஸ்குலார் கற்றைகள் சிதறிக் கிடக்கும், ஓரத்தில் நெருக்கமாக. மற்றதில் வளையமாக நிற்கும். நீரைக் கடத்தும் பகுதியான சைலம் சிவந்து தெரியும். அந்தச் சீவல் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக வர, ஒரு மாணவர் 20 தடவையாவது பிளேடை நனைத்து நனைத்துச் சீவ வேண்டியிருக்கும். அந்த வகுப்பில் தொல்காப்பிய வரியைச் சொல்லும்போது மாணவர்கள் முகத்தில் வரும் மாற்றத்தை வந்து பார்த்துவிட்டு முடிவெடுத்திருக்கலாம்.

பழைய செய்முறை வகுப்பு குறையில்லாமல் நடந்தது என்று நான் சொல்லவரவில்லை. மூத்தவர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அப்படியே வரைந்து கையெழுத்து வாங்கினார்கள். புட்டியிலிருக்கும் மாதிரியைப் பார்க்காமல் புட்டியின் மூடியைப் பார்த்துப் பெயர் எழுதியவர்கள் உண்டு. தலைக்கு 50 செடி என்று கேட்டதால் வேரோடு பிடுங்கி வந்து குவித்தார்கள். அரிதான செடியையும் விட்டுவைக்கவில்லை. அதற்கு நானும் உடந்தை. இப்போது நினைத்தால் மனம் கூசுகிறது. உலகின் தாவர இனங்களில் ஐந்தில் இரண்டு அழிவை எதிர்நோக்குவதாக 2020-ல் கியூ தாவரவியல் பூங்காவின் அறிக்கை மதிப்பிட்டது. இந்தக் காலத்தில் அப்படிச் சேகரிக்கக் கூடாது. இவையெல்லாம் திருத்த வேண்டிய குறைகள். பாடத்தை நடத்தும் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் திருத்தும் வழியையும் சொல்லியிருப்போம்.

இனி அந்த அறை. சுற்றறிக்கை வந்த மூன்றாம் நாளே உலர்தாவரக் கட்டுகளை மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் அடுக்கிவிட்டார்கள். சுவரில் ஈரம் கசியும் இடம் அது. நேற்று ஒரு கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். மேலிருந்த 4 தாள்களில் பூஞ்சை பூத்திருக்கிறது. கீழே ஒரு தாளில் பூ இருந்த இடத்தில் வண்டு அரித்த தூள் மட்டும் இருந்தது. எடுத்த இடம், எடுத்த நாள், பூவின் நிறம் எல்லாம் மணிமணியான கையெழுத்தில் அதன் கீழே அப்படியே இருக்கின்றன. எழுதியவர் எனக்கு முன்பு இந்தத் துறையில் இருந்தவர்.

பழைய காய்ந்த இலைகளால் என்ன பயன் என்று கேட்கலாம். 1987-ல் உட்வார்ட் என்ற ஆய்வாளர், உலர்தாவரத் தொகுப்புகளில் 200 ஆண்டுக் காலமாகச் சேர்ந்திருந்த மர இலைகளின் இலைத்துளைகளை எண்ணினார். காற்றில் கார்பன் டைஆக்சைடு கூடக்கூட இலைத்துளைகளின் நெருக்கம் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. அந்த இலைகளைப் பறித்து ஒட்டியவர்களுக்கு இப்படியொரு கேள்வி வரும் என்றே தெரியாது. நாள், இடம் குறித்து ஒழுங்காக எடுத்துவைத்தார்கள். பிறகு வந்தவர்கள் அறையைக் காலி செய்யாமல் விட்டார்கள். அது போதுமாக இருந்தது. மாடிப்படிக்கு அடியிலிருக்கும் எங்கள் தாள்களில் எந்தக் கேள்விக்கான விடை இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஒரு மழைக்காலம் போனால் அந்த விடையே இல்லாமல் போகும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

முதலில் அவசரமானது: உலர்தாவரக் கட்டுகளை இந்த வாரத்துக்குள் பழைய அறைக்கே திருப்பிக் கொண்டுவர உத்தரவிடுங்கள். அந்த அறையை மாற்றும் வரியைச் சுற்றறிக்கையிலிருந்து எழுத்துமூலம் நீக்குங்கள். பூஞ்சை பிடித்தவற்றைப் பிரித்து, சுத்தம் செய்து, பட்டியலிடும் வேலையை என் விடுமுறை நாட்களில் நானே செய்து தருகிறேன். ஆள் கேட்கவில்லை, அறைதான் கேட்கிறேன்.

அறிமுகப் பாடத்தின் செய்முறை நேரத்தை மீட்டுத் தாருங்கள். 6 மணி நேரமும் தர இயலாது என்றால், வாரம் 4 மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அதில் ஒவ்வொரு மாணவர் கையிலும் உயிருள்ள ஒரு செடி இருந்தாக வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே எழுதுங்கள். காணொளியை அதற்குத் துணையாக வையுங்கள். நுண்ணோக்கிப் பராமரிப்பு உங்களுக்குச் சுமை என்றால், ஒரு மாணவருக்கு ஒரு கைலென்ஸ் என்பதிலிருந்தாவது தொடங்குங்கள்.

களப்பயணத்துக்குத் தொலைவு போக வேண்டியதில்லை. வளாகத்துக்குள்ளேயே பருவத்துக்கு 4 நடைகள் போதும். ஒரே மரத்தை நான்கு முறையும் பார்க்கட்டும். சேகரிப்பை 50 செடி என்பதிலிருந்து குழுவுக்கு 5 தாள் என்று குறையுங்கள். வேரோடு பிடுங்கத் தடை போடுங்கள். மற்றவற்றுக்குப் புகைப்படமும் களக்குறிப்பும் போதும் என்று விதி செய்யுங்கள்.

எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்து இந்தப் பாடத்தை அளக்காதீர்கள். முன்பின் பார்த்திராத ஒரு கிளையைக் கொடுத்து, 30 நிமிடத்தில் அதை விவரித்து எழுதச் சொல்லும் ஒரு தேர்வைச் சேருங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. கண்டதைச் சரியாக எழுதினால் முழு மதிப்பெண் கொடுங்கள்.

பாடத்திட்டத்தை இறுதி செய்யும் அடுத்த கூட்டத்தில், இந்தப் பாடத்தை இப்போது நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர்களில் இருவரையும் படித்து முடித்த மாணவர்களில் ஒருவரையும் உறுப்பினர்களாக உட்கார வையுங்கள்.

கடைசியாக ஒன்று. வரும் வியாழக்கிழமை காலை 10 மணிக்கு, இப்போதைய பாடத்திட்டத்தின் கீழ் இந்த ஆண்டின் கடைசிச் செய்முறை வகுப்பு. எருக்கம்பூ வைத்திருக்கிறேன். குழுவிலிருந்து யாராவது ஒருவர் வாருங்கள். மாணவர் வரிசையில் ஓர் இடம், ஒரு லென்ஸ், ஒரு குண்டூசி, கையுறை எல்லாம் எடுத்துவைத்திருப்பேன். அதன் பிறகு 15 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
முதலாண்டுத் தாவரவியல் ஆசிரியர்